எதுக்கு ஓகே?

குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்த செக்கர், கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகளைப் பார்த்துத் திகைத்து நின்றார். மனைவி தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஓகே சொல்லிட்டீங்களே, அதான் ஆரம்பிச்சுட்டேன்" என்றாள், நிமிராமலே.

"ஓகே" என்றார் செக்கர். எதற்கு ஓகே சொன்னோம் என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது.

சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேஜை அவருடையது. தைத்து வரும் சட்டையைக் காலர், காஜா, பட்டன் என்று புரட்டிப் பார்த்து 'ஓகே' என்று அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். அங்கே அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை உண்டு. பார்க்காமல் ஒரு பீஸைத் தள்ள மாட்டார். வீட்டில்தான் கதையே வேறு. இழுத்து 'ஓ...கே' என்றால் 'நீ பேசு, நான் டிவி பார்க்கிறேன்' என்று அர்த்தம். வெட்டிச் சொன்னால் 'போதும்'. 'ஓகே ஓகே' என்றால் 'ஆளை விடு'. 'ஓகேவா?' என்றால் சாப்பாடு தயாரா என்று கேள்வி. தூக்கத்தில்கூட மனுஷர் ஒன்று சொல்லிவைப்பார். 'நீ சொன்னது புரிந்தது, எனக்குச் சம்மதம்' என்கிற அர்த்தத்தில் மட்டும் அந்த வீட்டில் அது புழங்கியதே இல்லை.

இன்னொரு தடவை நான் பேசுவது காதில் விழவில்லை என்று தெரிந்தால் பொறுக்க மாட்டேன் என்று மனைவி போன மாதம்தான் எச்சரித்திருந்தாள். அது மட்டும் எப்படியோ காதில் விழுந்து தொலைத்துவிட்டது. அவளையும் மகளையும் விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? எங்கே போகிறோம் என்று அவளிடம் வாயைத் திறக்க முடியாது.

மகளைப் பிடித்தார். அவள் பாடப் புத்தகங்களைப் பைக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். புது இடம் பிடித்திருக்கிறதா என்று நைசாகக் கேட்டார்.

"அம்மா அவ்வளவு நேரம் சொன்னாங்க. நீங்க ஒரு ஓகேயில முடிச்சுட்டீங்க. இப்ப என்னைக் கேக்கறீங்களாப்பா?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சரி, வீடு மாறுகிறோம் என்று செக்கர் தெரிந்துகொண்டார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருப்பார். எந்த வீடு, எந்தத் தெரு என்று தெரிய வேண்டுமே! மனைவியின் அண்ணனுக்கு போன் போட்டு, எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டதா என்று பொதுவாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு இவ்வளவு பெரிய மனசு இருக்கும்னு நான் நினைக்கல" என்று அண்ணன் தழுதழுத்தார். மாசக் கடைசிக்குத்தான் வண்டி சொல்வதாக இருந்தாராம். இன்றைக்கே அனுப்பட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் செக்கர் வாயைத் திறந்தார். பாழாய்ப்போன நாக்கு, "ஓகே" என்றது.

வண்டி இன்றைக்கே வருகிறது என்று சொன்னதும் மனைவியின் கை அப்படியே நின்றது. "நீங்களா வரச் சொன்னீங்க?"

நீ கஷ்டப்படக் கூடாதே என்றுதான் என்றார், கொஞ்சம் பெருமையாகவே. அவள் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பாவம், களைத்துவிட்டாள் என்று செக்கரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் பெட்டிக்குள் வைத்த தன் சட்டைகளை அவள் எடுத்துத் திரும்ப பீரோவில் அடுக்கினாள். அடுத்த நடைக்குப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"மிக்ஸி உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

"எனக்கு எதுக்கு? நீதானே அரைக்கிறவ" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"நிஜமாவே உங்களுக்கு ஓகேதானா? யோசிச்சுச் சொல்லுங்க."

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாமா? ஒன்றுமே காதில் வாங்கவில்லை, மறுபடி ஒரு முறை சொல்லேன் என்று காலில் விழுந்தாவது கேட்டுவிடலாமா? தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவள் போய்விடுவாளே என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டார்.

"உனக்கு ஓகேன்னா எனக்கும் ஓகே."

அவள் தலையை ஆட்டிவிட்டு முகம் கழுவப் போனாள். நெடுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது.

வண்டி வந்தது. டிரைவரைப் போல ஒரு சோம்பேறியைச் செக்கர் பார்த்ததில்லை. ஒரு பெட்டியைத் தூக்குவான், வைப்பான், வீட்டு வாசலைப் பார்ப்பான், பீடி பற்றவைப்பான். செக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை ஒதுக்கிவிட்டு, மூச்சு வாங்க வாங்கத் தானே எல்லாவற்றையும் ஏற்றி முடித்தார்.

மனைவியும் மகளும் முன்சீட்டில் ஏறினார்கள். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. புது வீட்டுக்குப் போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம், இனிமேல் அவள் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் காது கொடுத்துக் கேட்பது என்று மனதுக்குள் சத்தியம் செய்தபடி, கதவைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்து படியில் காலை வைத்தார்.

டிரைவர் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தான்.

"நீங்க எங்க சார் ஏறறீங்க? அம்மாவும் பாப்பாவும் மட்டும்தானே அண்ணன் வீட்டுக்கே போறாங்க. எப்படியும் நீங்க வந்து தடுப்பீங்கன்னு என்னை மெதுவா ஏத்தச் சொன்னாங்க அம்மா, நீங்கதான் ஓடி ஓடி ஏத்தி முடிச்சுட்டீங்க."