பேட்டரியைக் கண்காணித்த முள்

உலகத்தில் உழைப்பவர்கள் ஏராளம். அந்த உழைப்பைக் கண்காணிப்பவர்கள் மட்டும் இல்லையென்றால் அது என்ன கதிக்கு ஆளாகும் என்று நினைத்தாலே பகீரென்கிறது. நம் மேற்பார்வையாளருக்கும் பகீரென்றுதான் இருந்தது. ஆபீஸில் வருஷக்கணக்காக மற்றவர்களைக் கண்காணித்து ஓய்வு பெற்றபின் வீட்டில் கண்காணிக்க எதுவும் சிக்கவில்லை. அடுப்படிப் பக்கம் மனைவி அவரை அண்டவிடுவதில்லை. மிச்சமிருந்தது கார்தான்.

பழைய கார், பொறுப்போ பெரிது. மகள் நிறைமாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. வலி எடுத்தால் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுசேர்க்க இந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை. எனவே 'ஆயத்த நிலை' குறித்துக் கூடத்தில் கூட்டம் நடந்தது. தலைமை அவர், முன்மொழிந்தவர் அவர், வழிமொழிந்தவரும் அவரே. மனைவி பால் பொங்குகிறதா என்று பார்க்க எழுந்து போன சமயத்தில் தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது. பேட்டரியின் பலத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிக் காரில் பொருத்த வேண்டும்.

எலக்ட்ரீஷியன் வந்து டாஷ்போர்டைக் கழற்றினார்.

"சாவி போட்டா மட்டும் எரியிற மாதிரி லைன் குடுத்துடறேன் சார்."

"சாவி போடாத நேரத்துல யாருய்யா கண்காணிக்கிறது?"

"நிக்கிற வண்டியில கண்காணிக்க என்ன சார் இருக்கு?"

"உன் ஆட்சேபணையைக் குறிச்சுக்கிட்டேன். நேரா பேட்டரியிலேருந்து குடு. எந்நேரமும் எரியணும், ஜன்னல்லேருந்தே எனக்குத் தெரியணும்."

வாடிக்கையாளர் சொல்லுக்கு மறுசொல் ஏது? எலக்ட்ரீஷியன் அப்படியே கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் முள் பச்சையில் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. மேற்பார்வையாளர் பூரித்துப்போனார்.

"பாத்தியா? மீட்டர் இல்லேன்னா இந்தச் சரிவு நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"வண்டியை ஒரு சுத்து ஓட்டிட்டுத்தான் வாங்களேன், சார்ஜ் ஏறும்" என்றார் மனைவி.

"இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் ஓட்டிக் கரைக்கச் சொல்றியா?"

அவசரக் கூட்டம் கூடியது. முள் ஏறும்வரை காரை யாரும் தொடக்கூடாது என்று முடிவானது. சரிவைத் 'தீவிரமாக' ஆராயச் சிவப்பு எச்சரிக்கை விளக்கு ஒன்றும் அதே பேட்டரியிலிருந்து போடப்பட்டது. உங்களுக்கு எரிச்சல் வரலாம். அடக்கிக்கொள்ளுங்கள், அவர் அனுபவசாலி.

ஒரு மத்தியானம் மகளுக்கு வலி எடுத்தது. பின்சீட்டில் அவளை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினார். 'கடக்' என்றது. அவ்வளவுதான். மனைவி வண்டி தேடித் தெருவுக்கு ஓடினார். மீட்டர் பக்கத்துச் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாக, கடமை தவறாமல் எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியாம்மா? முள்ளு அடியில நிக்குது. துளிகூடப் பிசகலை."

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். "அப்பா, இந்த மீட்டருக்குக் கரண்ட் எங்கேருந்து வருது?"

"பேட்டரியிலேருந்துதான்."

"ராப்பகலாவா?"

"ஒரு நிமிஷம் நின்னதில்லையே."

"அந்தச் சிவப்பு விளக்குக்கு?"

"அதுக்கும் அதே..." என்றவருக்கு வாக்கியத்தை முடிக்கப் பிடிக்கவில்லை.

"அப்ப பேட்டரியைத் தின்னு தீர்த்ததே இதுதான்."

அவர் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். அதற்குள் மனைவி அடுத்த தெரு சலவைக் கடை வேனைக் கூட்டி வந்துவிட்டார். மூட்டைகளுக்கு நடுவே ஏறிப் படுத்த மகள், கதவு சாத்தும் முன் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"நீங்க அத்தனை வருஷம் கண்காணிச்ச ஆபீஸை இழுத்து மூடினாங்களே, அதுவும் இப்படித்தானாப்பா?"