இன்னொரு திருகு

மூடியதை மறுபடி மூடுகிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. உங்களுக்கு அவர்களைத் தெரியும். அவர்கள் மூடிய குழாயைப் பிறர் திறக்க முடியாது. அவர்கள் முடிச்சுப் போட்ட பட்டுப்புடவைப் பார்சலை முகூர்த்தத்தன்று கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்க முடியாது. ஊறுகாய் ஜாடி அவர்கள் கைக்குப் போய்விட்டால் வீட்டில் அந்த மாதம் முழுக்கத் துவையல்தான். கேட்டால், "இருக்கட்டும்பா, ஒரு சேஃப்டி" என்பார்கள். யாருக்கு? ஜாடிக்கா?

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியின் நிலவியல் துறைக்குப் போகலாம். ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் ராமலிங்கம். அவர் வசம் ஓர் அழுத்தப் பொறி இருக்கிறது. பாறைப் பொடியை அரிசி மணி அளவுள்ள பிளாட்டினக் குப்பியில் அடைத்து, அதன்மேல் நூறு டன் அழுத்தத்தை ஏற்றி, ஆயிரத்து முந்நூறு டிகிரிக்குச் சூடாக்கி, தரைக்கு அடியில் முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் பாறை எப்படி உருகுகிறது என்று மேலே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கண்டுபிடிக்கிற பொறி. அழுத்தம் கொடுப்பது எண்ணெய். வேலை முடிந்ததும் அந்த எண்ணெயை மெல்ல வெளியே விட ஒரு சின்ன வால்வு. அதை விரலால் மூடினால் போதும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. ராமலிங்கம் கையேட்டைப் படித்தவர்தான். படித்துவிட்டு, எழுதியவருக்கு விரல் பலம் அதிகம் போலிருக்கிறது என்று ஸ்பேனரை எடுத்தவர்.

ஆய்வு மாணவி தீபிகா மூன்று நாள் காவல் இருந்து ஒரு குப்பிப் பாறையை உருக்கினாள். மின்சாரத்தை நிறுத்தியதும் உருகியது கண்ணாடியாக உறைந்தது. இனி குப்பியை வெளியே எடுக்க வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னையில் ஒரு நுண்ணோக்கியின் முன்னால் அவள் முறை. தவறினால் அடுத்த முறை ஐந்து மாதம் கழித்து. ஆய்வேடு கொடுக்க மீதமிருப்பதோ இரண்டு மாதம்.

வால்வு திரும்பவில்லை.

"இன்னா சார் இது, அசையவே மாட்டேங்குது!"

"அசையக் கூடாதுன்னுதாம்மா மூடுனேன்."

"இப்ப தெறக்கணுமே சார்."

"தெறக்கலாம், தெறக்கலாம். நீ ஏன் டென்ஷன் ஆவுற?"

அவரே திருகிப் பார்த்தார். முகம் சிவந்தது, வால்வு சிவக்கவில்லை. கடைசியில் வாலாஜாபாத் சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கும் சிட்டிபாபு வந்தார். குனிந்து பார்த்தார்.

"யாருபா மூடுனது? மூடுனாங்களா, வெல்டிங் வச்சாங்களா?"

ராமலிங்கம் சுவரில் இருந்த காலண்டரை ஆர்வமாகப் படித்தார்.

சிட்டிபாபு ஸ்பேனரைப் பொருத்தி ஓர் இழுப்பு இழுத்தார். வால்வின் தலை மட்டும் ஸ்பேனரோடு வந்தது. உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"உள்ள நூறு டன்னு இருக்குதுன்றீங்க. இதுக்கு மேல நான் கை வெக்க மாட்டேன்பா. கம்பெனி ஆளக் கூப்டுங்க."

கம்பெனி ஆள் வர எட்டு நாளாகும்.

ராமலிங்கம் அழுத்தமானியைக் குனிந்து பார்த்தார். மூன்று நாளாக நின்ற இடத்திலேயே முள் நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியாமா? இவ்ளோ ஆயும் ஒரு சொட்டு கசிஞ்சுதா?"

"கசியல சார்" என்றாள் தீபிகா. வெளியே போய்ச் சென்னைக்குப் போன் செய்து, தன் முறையை விட்டுக்கொடுத்தாள். திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று, மேசைமேல் திறந்து வைத்திருந்த பாட்டிலை எடுத்தாள்.

அதற்குள் அவர் அதை மூடி வைத்திருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்று காலை வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை எத்தனை முறை இழுத்துப் பார்த்தீர்கள்? ஒன்று, சரி. இரண்டு, அதுவும் சரி. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, தொங்கிப் பார்க்கிற மாதிரி இழுத்தீர்களே, அதற்குப் பிறகும் நாதாங்கி கதவில்தான் இருக்கிறதா?