இருளப்பசாமி மழை கொடுத்த வரலாறு

மனித குலத்துக்கு நெருப்பைக் கொடுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. திருச்சுழி வட்டாரத்துக்கு மழையைக் கொடுத்தவர் பெயர் தெரியும். அவர் இருளப்பசாமி. பெய்வது மேகத்தின் வேலை. 'கொடுப்பது' அவர் வேலை. பெய்த மழையைப் போனில் பிடித்து நூற்றெண்பது பேருக்கு அனுப்பாவிட்டால், அது பெய்ததென்று எப்படி ஒப்புக்கொள்வது?

காலை டீ, தும்மும் ஆட்டுக்குட்டி, பந்தி இலையில் விழுந்த ஜிலேபி என்று எதையும் அவர் தனியாக அனுபவித்ததில்லை. எல்லாம் சுடச்சுட 'வானம் பார்த்த உறவுகள்' வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். பொதுவாழ்க்கை என்றால் சும்மாவா!

அந்தப் பங்குனி மத்தியானம் மனைவி ஜெகதீஸ்வரி பல் பிடுங்க அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினார். களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. ஏழு மாதப் பாடு. மறுநாள் விருதுநகருக்கு லோடு ஏற்றவேண்டும். நனைந்தால் வெளுத்துவிடும், வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார்.

"ஏங்க, மேகம் வச்சா தார்ப்பாயப் போட்டு மூடிருங்க. மறந்துறாதீக."

"நான் என்ன சின்னப்புள்ளையா? நீ போயிட்டு வா."

மூன்று மணிக்கு மேகம் வைத்தது. இருளப்பசாமி தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆம், ஓடினார், வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும். களத்துக்கு வந்தவர் வானத்தை நிமிர்ந்து பார்த்தார். அடேயப்பா, என்ன கறுப்பு! இதை உறவுகளுக்குக் காட்டாமல் வத்தலை மூடுவது சுயநலம் அல்லவா?

முதலில் படம். பிறகு வீடியோ. அதற்குள் மழை இறங்கிவிட்டது. போன் நனையலாமா? பொதுச்சொத்து! தார்ப்பாயை விரித்துத் தன் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வீடியோவைப் பார்த்த ஜெகதீஸ்வரி பதறிப்போய் மூன்று தடவை கூப்பிட்டார். பேசினால் ஓடிக்கொண்டிருக்கும் அடுத்த வீடியோ நின்றுவிடுமே? மூன்றையும் இருளப்பசாமி வெட்டினார். அடுத்ததாக, 'கொட்டும் மழையில் நான்' என்று ஒரு செல்ஃபி போட்டார். மல்லாங்கிணற்று வீரபாண்டி கைகூப்பினார். முகம் தெரியாத ஒருவர் "வருணனே, வாழ்க" என்றார். இருளப்பசாமி எல்லோருக்கும் பாரபட்சமின்றி ஹார்ட் போட்டார்.

கால்மணி நேரத்தில் மழை விட்டது. களத்துத் தண்ணீரில் வத்தல் மிதந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்த ஜெகதீஸ்வரி, வாயில் அடைத்திருந்த பஞ்சைத் துப்பினார்.

"தார்ப்பாய் எங்கங்க?"

"ஆத்தாடி, என்னா காத்து! பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. நான் என்ன செய்ய?"

ஜெகதீஸ்வரி தன் போனை நீட்டினார். செல்ஃபியில் இருளப்பசாமியின் தலைக்கு மேல் அதே நீலத் தார்ப்பாய். அதன் கீழே அவர் பஸ்ஸிலிருந்து எழுதியது: 'படத்த விடுங்க. வத்தல மூடுங்க.' அதற்கும் ஒரு சிவப்பு ஹார்ட்.

"ஹார்ட்டு போட்டிருக்கீகளே, வாசிச்சீகளா?"

"எல்லாருக்கும் போட்டேன்..."

"ஏழு மாசம் குனிஞ்ச இடுப்பு நிமிரலங்க. வயிறு எரியுது எனக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அங்கனயே நில்லுங்க. நானும் ஒரு போட்டோ எடுக்கேன்."

போட்டோ என்றதும் இருளப்பசாமி பழக்கதோஷத்தில் முடியைக் கோதிவிட்டு, மிதக்கும் வத்தலுக்கு நடுவே லேசாகச் சிரித்தார். அந்தப் படம் நூற்றெண்பது பேருக்கும் போனது. ஜெகதீஸ்வரி அதன் கீழே எழுதியிருந்தார்:

'வத்தல் நனஞ்சிருச்சு. இவுக நனையல.'