கதவு சாத்தும் காட்சி

ஒரு படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுவது சாமானியக் காரியம் அல்ல. அதற்கு ஆழ்ந்த உறக்கம் வேண்டும். நமது விமர்சகருக்கு அந்த வரம் இளமையிலேயே வாய்த்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், முதல் நாள் முதல் காட்சியில், பெயர் போட்டு முடிப்பதற்குள் குறட்டை விட்டவர், 'சுபம்' போட்டபோதுதான் விழித்தார். வீடு திரும்பும் பேருந்தில் மனைவி கதையைச் சொன்னார். மறுநாளே இவர் எழுதிவிட்டார்: "ஓடிப்போன கணவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். பார்க்கிறாள். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மெதுவாகச் சாத்துகிறாள். அந்தத் தாழ்ப்பாள் ஓசையில் ஒரு யுகம் முடிகிறது!"

படம் மூன்றே நாளில் தியேட்டரை விட்டு ஓடியிருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தத் தாழ்ப்பாள் ஓசை படத்தைக் 'காவியம்' ஆக்கியது. விமர்சகரைத் 'திரைஞானி' ஆக்கியது. அதை ஆராய்ந்து ஒருவர் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார். அவரும் படத்தைப் பார்க்கவில்லை. காவியம் என்று முடிவான பிறகு அதைப் போய்ப் பார்ப்பது மரியாதைக் குறைவு அல்லவா?

அப்பேர்ப்பட்ட படத்தைப் புதுப்பித்து, விழா எடுத்து, ஒரு ஞாயிறு காலை திரையிட்டுவிட்டார்கள். முதல் வரிசையில் விமர்சகரும் மனைவியும். மேடையில் விருது காத்திருந்ததால் அன்று பார்த்து இவருக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசிக் காட்சி. கணவன் கதவைத் தட்டினான். அவள் திறந்தாள். தடாலென்று அவன் காலில் விழுந்தாள். அவன் பெருந்தன்மையோடு மன்னித்து இருபது நிமிடம் வசனம் பேசினான். சுபம்.

"என்னடி இது? கதவை எங்க சாத்தினா?"

"சாத்தலீங்க. அன்னிக்கும் சாத்தல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, அதான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

"முப்பத்தஞ்சு வருஷமா சொல்லலையே!"

"சொன்னேனே. அப்பவும் தூங்கிட்டுதான் இருந்தீங்க." மனைவியின் குரல் தழைந்தது. "இன்னிக்காவது மேடையில சொல்லிடுங்க, அது நான் யோசிச்ச முடிவுன்னு. ஒரே ஒரு தடவை. எனக்கு அது போதும்."

"சரி சரி" என்றார் விமர்சகர்.

அதற்குள் பின் வரிசைகள் கொதித்தெழுந்தன. "சீனைக் காணோம்!" "காவியத்தை வெட்டிட்டாங்கய்யா!"

மேடையேறிய விமர்சகர் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். விருது கண்ணில் பட்டது. "இது கலைப் படுகொலை!" என்று முழங்கினார். தள்ளாத வயது இயக்குநர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"அந்த ஒரு ஷாட்டுக்காக மூணு நாள் பட்டினி கிடந்தேன் சார்! லேப்ல தொலைச்சுட்டாங்க, பாவிங்க!"

காணாமல்போன காட்சியை மீட்க எழுவர் குழு அமைக்கும் தீர்மானம், பலத்த கரவொலியோடு ஏகமனதாக நிறைவேறியது. முதல் வரிசையில் விமர்சகரின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியும் காலியாகிவிட்டதை யாரும் குறிப்பில் எழுதவில்லை.

விருதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்த விமர்சகர் கதவைத் தட்டினார். மனைவி திறந்தார். பார்த்தார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மெதுவாகச் சாத்தினார்.

எழுவர் குழு இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் காட்சியைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்த ஒரே மனிதர், சாட்சி சொல்ல மறுக்கிறார்.