பன்னிரண்டு வண்டித் தண்ணீரும் அப்பாவின் பதக்கமும்

விருந்தாளிகளை வரவேற்பதில் எனக்கு நிகர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது என்று இருபத்திரண்டு வயதில் நான் மனதார நம்பினேன். அந்த நம்பிக்கையால் நாசமாய்ப் போனது ஒரே ஒரு பொருள்தான். என் அப்பாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தங்கப் பதக்கம்.

பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைத் தோண்டாமலே கண்டுபிடிக்கிற விஞ்ஞானத்துக்குப் புவி இயற்பியல் என்று பெயர். அதில் நல்ல ஆராய்ச்சி செய்தவர்களுக்கு வடக்கே ஒரு விஞ்ஞானக் கழகம் வருஷா வருஷம் ஒரு பதக்கம் கொடுத்துவந்தது. (கழகத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தக் கதையில் தப்பு முழுக்க ஒரே ஆளிடம்தான் இருக்கிறது.) வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பதக்கம். அறுபதுகளில் ஒரு வருஷம் அப்பாவின் பெயர் கடைசிச் சுற்றுவரை போய்விட்டது. அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெறுகிறார். ஆகவே இதை விட்டால் வேறு இல்லை.

அப்பா பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பௌதிக ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிறிஸ்தவக் கோயிலில் ஆராதனை, மற்ற விடுமுறை நாளெல்லாம் யாராவது ஒரு விவசாயியின் காடு. (வானம் பார்த்த விளைநிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம்.) எங்கள் பக்கத்தில் பாறைதான் அதிகம். நாற்பது அடி, ஐம்பது அடி வெட்டிவிட்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாத கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள் ஊருக்குப் பத்து உண்டு. அப்பா நான்கு இரும்பு முளைகளை வரிசையாக மண்ணில் அடிப்பார். அவற்றின் வழியாக மின்சாரம் விடுவார். அது மண்ணுக்குள் எவ்வளவு சிரமப்பட்டுப் போகிறது என்பதை மீட்டரில் படிப்பார். காய்ந்த மண்ணும் பாறையும் மின்சாரத்தை லேசில் விடாது. ஈரம் விட்டுவிடும். உப்பு கலந்த ஈரமோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருக்கும். முளைகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் ஆழத்தில் இருப்பதும் தெரியவரும். இதற்கான கருவியை லேத்துப் பட்டறைகளில் கெஞ்சிக் கூத்தாடி அவரே செய்துகொண்டார். ஊர்க்காரர்கள் அவரைக் கரண்ட் வாத்தியார் என்பார்கள்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு முளை அடிப்பது, கணக்கு எழுதுவது, கடிதம் எழுதுவது எல்லாம் நான்தான். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. எனக்கு அச்சடித்த மாதிரி கையெழுத்து. (பௌதிகத்தைவிட அதில்தான் எனக்குக் கர்வம் அதிகம்.)

கழகம் வைத்த பரீட்சை சுலபமானது. காரமடைக்கு அருகே சென்னியப்பக் கவுண்டர் என்பவரின் காட்டில் அப்பா பங்குனியில் ஒரு தடவை அளந்து, அந்த எண்களை ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதம் கழித்து அவர்கள் இரண்டு பேரை அனுப்புவார்கள். அவர்கள் கண்ணெதிரே அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். பிறகு கவரைப் பிரித்துப் பார்ப்பார்கள். எண்கள் ஒத்துப்போனால் முறை நம்பத்தக்கது, பதக்கம் ஏறக்குறைய நிச்சயம். நடுவில் மழை பெய்தால் மட்டும் சொல்லுங்கள், வேறு நாள் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கோயமுத்தூர்ப் பங்குனி, சித்திரையில் மழையைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

நான் கவலைப்பட்டது புழுதியைப் பற்றி. முதல் தடவை அந்தக் காட்டுக்குப் போய்விட்டு வந்தபோது என் வெள்ளைப் புடவை செங்கல் நிறத்தில் இருந்தது. கல்கத்தாவிலிருந்தும் மதராஸிலிருந்தும் இரண்டு விஞ்ஞானிகள் கோட்டும் சூட்டுமாக வந்து அந்தப் புழுதியிலா நிற்பார்கள்? நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவுண்டர் வீட்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். 'பெரிய மனிதர்கள் வருகிறார்கள். நாம் அளந்த இடத்தில் புழுதி இல்லாமல் பார்த்துக்கொள்ளவும்.' புழுதி என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டேன்.

சித்திரையில் அந்த நாள் வந்தது. இரவல் கார் ஒன்றில் அப்பா, மதராஸ்காரர், கல்கத்தாக்காரர் மூவரும் பின்னால், நான் முன்னால். மதராஸ்காரர் நடுத்தர வயது, கலகலப்பானவர். கல்கத்தாக்காரர் மூத்தவர், தலைவர், ஆங்கிலம் மட்டும் பேசுவார், அதையும் சிக்கனமாகப் பேசுவார்.

கவுண்டரும் அவர் மனைவி பாவாயி அம்மாளும் வேலி ஓரத்திலேயே கைகூப்பி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் காட்டைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருநூறு அடி நீளத்துக்கு ஒரு பட்டை, களத்துமேடு மாதிரி சாணி மெழுகிப் பளிச்சென்று காய்ந்துகிடந்தது. நாங்கள் அடையாளத்துக்கு வைத்துவிட்டுப் போன கற்களைச் சுற்றிக் கல்லுக்கொரு சின்னக் கோலம்.

"என்னங்க கவுண்டரே, காட்டக் களமாக்கிட்டீங்க?" என்று அப்பா சிரித்தார்.

"விருந்தாளிங்க வாராங்கல்லங்க. பாதம் நோகலாமுங்களா?" என்றார் கவுண்டர். மேலே மெல்லிய மெழுகல்தானே, முளை அதைத் தாண்டி இறங்கிவிடும் என்று அப்பா எண்ணியிருக்க வேண்டும்.

மதராஸ்காரர் என்னைப் பார்த்து, "ஏற்பாடெல்லாம் நீங்களா? கல்யாண வீடு மாதிரி இருக்கே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

அப்பா கருவியோடு நடுவில் உட்கார்ந்தார். விருந்தாளிகள் அவருக்கு இருபுறமும் நாற்காலியில். முளைகளை அடிப்பது என் வேலை. போன மாதம் அதே மண்ணில் ஒரு முளைக்கு ஏழெட்டு அடி அடித்து என் உள்ளங்கை கொப்புளித்துப்போயிருந்தது. அன்றைக்கு ஓர் அடி. அவ்வளவுதான், முளை இட்லி மாவில் கரண்டி மாதிரி இறங்கியது. 'பரவாயில்லையே, இன்றைக்கு வேலை சுலபம்' என்று நினைத்தேன். நினைத்தது பௌதிகப் பட்டதாரி. ஈர மண்ணில் மின்சாரம் எப்படிப் பாயும் என்ற கேள்விக்குப் பரீட்சையில் மூன்று பக்கம் விடை எழுதியவள்.

அப்பா முதல் எண்ணைப் படித்தார். "பதினாறு."

மதராஸ்காரர் கவரைப் பிரித்தார். எண்ணை இரண்டு தடவை படித்தார். பிறகு தாளை அப்பாவிடம் நீட்டினார். அதில் நூற்றெண்பது என்று இருந்தது, என் முத்து முத்தான கையெழுத்தில்.

அப்பா பேட்டரியைப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். மறுபடியும் பதினாறு. முளைகளைத் தள்ளி அடிக்கச் சொன்னார். எண் கொஞ்சம் ஏறியது, ஆனால் கவரில் இருந்ததோடு ஒட்டவில்லை. அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. கல்கத்தாக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பட்டையின் ஓரத்தில் கடைசி முளையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பக்கத்தில் பாவாயி அம்மாள் மெதுவாக வந்தார்.

"புளுதி எங்கியாச்சும் இருக்குதா கண்ணு?" என்று காதோரமாகக் கேட்டார். "உன்ற கடுதாசி வந்ததுல இருந்து எங்களுக்கு இதே வேலை. சாணி தொளிச்சா மட்டும் பத்துமா? மூணு நாளா ஊத்துனோம். வண்டியில பீப்பாய் வெச்சுப் பன்னெண்டு வண்டித் தண்ணி. அந்தக் கல்லு வெச்ச எடத்துலயெல்லாம் நல்லா நிக்க வெச்சு ஊத்திப்போட்டேன்."

என் கையில் முளை இருந்தது. அதைச் சற்று அசைத்தேன். சேறு.

"பன்னிரண்டு வண்டியா? இந்தக் கோடையில அவ்வளவு தண்ணி ஏதுங்க?"

"நல்ல தண்ணிய யாரு மண்ணுல ஊத்துவா அம்மணி? குடிக்கறதுக்கே இல்ல. பக்கத்துத் தோட்டத்துல உப்புக் கெணறு ஒண்ணு இருக்குது, அதுல எறச்சதுதான்" என்று அவர் பெருமையோடு சொன்னார்.

உப்புத் தண்ணீர். பன்னிரண்டு வண்டி. சரியாக முளை அடிக்கும் இடத்தில். மின்சாரத்துக்கு இதைவிட நல்ல விருந்தை உலகத்தில் யாரும் வைத்திருக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து மதராஸ்காரர் கவுண்டரைக் கேட்டார்: "ஏங்க, நடுவுல மழை கிழை பெஞ்சுதா?"

"மழைங்களா?" கவுண்டர் வானத்தைப் பார்த்தார். "ஆறு மாசம் ஆச்சுங்க. ஒரு தூத்தல் இல்லீங்க."

அவர் சொன்னது சத்தியமான உண்மை. அவரைக் கேட்டது மழையைப் பற்றித்தானே. மதராஸ்காரர் அதை ஆங்கிலத்தில் சொன்னார், தலைவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. இருபது அடி தூரம்கூட இல்லை. 'மழை இல்லை, நான்தான் தண்ணீர் ஊற்ற வைத்தேன்' என்று ஒரு வரி. சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு, பக்கத்துக் காட்டிலோ அடுத்த மாதமோ அளந்திருப்பார்கள். மூன்று நாள் வண்டி கட்டித் தண்ணீர் சுமந்த அந்த இரண்டு பேரைப் பெரிய மனிதர்கள் முன் அவமானப்படுத்தக் கூடாது என்றுதான் சும்மா இருந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். கல்யாண வீடு மாதிரி என்று புகழ்ந்த வாய், அடுத்த அரை மணியில் என்னை முட்டாள் என்று சொல்லிவிடுமே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் ஒரு மண்ணும் இல்லை.

கவுண்டர் வீட்டில் சாப்பாடு மட்டும் அமர்க்களமாக நடந்தது. கல்கத்தாக்காரர் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினார். கிளம்பும்போது அப்பாவின் கையைப் பிடித்து, கோளாறு எங்கே என்று இரண்டு மாதத்துக்குள் கண்டுபிடித்து எழுதினால் மறுபடி வருகிறோம் என்றார். நல்ல மனிதர்.

அந்த இரண்டு மாதம்தான் இந்தக் கதையில் சிரிப்பு வராத பகுதி. எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு நின்றுபோனது. அப்பா கருவியைத் திருகு திருகாகக் கழற்றி அதன் மேல் பரப்பிவிட்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், எங்கள் தோட்டத்து மண்ணில் அளப்பார். சரியாக வரும். "இங்க சரியா வருதே கண்ணு, அங்க மட்டும் என்ன வந்துச்சு இதுக்கு?" என்று என்னைத்தான் கேட்பார். நான் திருகாணிகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே, "தெரியலையேப்பா" என்பேன். இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று ஒத்திப்போட்டேன். ஒரு பொய்க்கு வயதாக ஆக அதை வெளியே அழைத்து வருவது கஷ்டமாகிறது.

இரண்டு மாதம் முடிகிற சமயத்தில் அவர் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை, கருவியே நம்பத்தகாததாக இருக்கலாம், ஆகவே என் பெயரை விலக்கிக்கொள்கிறேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அன்றைக்கும் கையெழுத்து அச்சடித்த மாதிரிதான் இருந்தது. நானே தபால் பெட்டியில் போட்டேன். பதக்கம் வேறொருவருக்குப் போனது. அப்பா ஓய்வு பெற்றதும் கருவியைக் கல்லூரி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். அதன்பின் யார் காட்டுக்கும் போகவில்லை. யாராவது கிணறு வெட்ட இடம் கேட்டு வந்தால், "என்ற மெஷின நம்பி வெட்டாதீங்க" என்று அனுப்பிவிடுவார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த தை மாதம் எனக்கும் மேட்டுப்பாளையத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவருக்கும் கல்யாணம். கோயிலில் ஆராதனை முடிந்து பக்கத்துக் கூடத்தில் விருந்து. கவுண்டரும் பாவாயி அம்மாளும் ஒரு வாழைத்தாரோடு வந்திருந்தார்கள். பாவாயி அம்மாள் என் மாமியாரிடம் என் பெருமையை எடுத்துவிட்டார்.

"உங்க மருமக லேசுப்பட்டதில்லீங்க. ஒரு கடுதாசி போட்டுது, நாங்க எங்க காட்டுக்குப் பன்னெண்டு வண்டித் தண்ணி ஊத்துனோமுங்க."

இரண்டு நாற்காலி தள்ளி அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை வண்டிங்க?"

"பன்னெண்டுங்க சார்."

"எந்தத் தண்ணி?"

"உப்புத் தண்ணிதானுங்க."

அப்பா கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கல்யாணப் பாட்டுகள் அச்சடித்த தாளைத் திருப்பி, அதன் முதுகில் கணக்குப் போட ஆரம்பித்தார். போதகர் வந்து ஏதோ கேட்டார், அப்பா காதில் விழவில்லை. தாள் நிறைந்து, ஓரம் நிறைந்து, கடைசியில் நிமிர்ந்தார்.

"பதினேழு வருது. மீட்டர் பதினாறு காட்டுச்சு." அவர் முகம் மாப்பிள்ளையின் முகத்தைவிடப் பிரகாசமாக இருந்தது. "மெஷின் பொய் சொல்லலைங்க. அன்னிக்கு அது சரியாத்தான் சொல்லிருக்குது." அந்தத் தாளை என் மாமனாரிடம் காட்டினார், போதகரிடம் காட்டினார், பந்தி பரிமாறியவரிடமும் காட்டினார்.

பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"முளை லேசா எறங்கியிருக்குமே கண்ணு" என்றார்.

"எறங்குச்சுப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கழகத்துக்கு இப்போதே எழுதுகிறேன் என்று நான் அழ ஆரம்பித்தேன். "குடுத்தத யாரும் திருப்பி வாங்க முடியாது. வாங்குனவரும் நல்லா வேலை செஞ்சவர்தான். நீ போய்ச் சாப்பிடு" என்றார். தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரமே ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொல்லிக் கருவியை வாங்கிவந்து, சாகும்வரை கிணற்றுக்கு இடம் பார்த்துக்கொடுத்தார். பதக்கத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. நான் எதையாவது உடைத்துவிட்டோ, பாலைப் பொங்கவிட்டோ, ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றால், என் கணவர் கேட்பார்: "எத்தனை வண்டி?" பிள்ளைகள் கேட்டார்கள், இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. அப்பா இருந்தவரை எல்லோரையும்விட அவர்தான் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டே, "பன்னிரண்டு" என்று பட்டென்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு எண்ணை அன்றைக்கு அந்தக் காட்டில் சொல்லியிருந்தால் போதும்.