பூஜையில் வைத்த பாடம்

கம்ப்யூட்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்ற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் எடைமேடை அண்ணன்தான். கீழ்வேளூர்ப் பக்கத்து அரிசி ஆலையில் நெல் லாரிகளை எடை போடுவது அவர் வேலை. அவருக்கு ஒரு பெயரும் இருந்தது. சம்பள நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

முதலாளியின் பிள்ளைகள் அமெரிக்காவிலேயே தங்கிவிட, ஆலை ஒரு சென்னைக் கம்பெனியின் கைக்குப் போனது. வந்த வேகத்தில் அவர்கள் ஊழியர்கள் எல்லாருக்கும் கம்ப்யூட்டரில் பாடம் வைத்தார்கள். குறித்த தேதிக்குள் முடிக்காதவருக்கு வேலை கிடையாது. நாங்கள் ஒருவரையொருவர் விடை கேட்டுப் பட்டனை அமுக்கி, சீக்கிரமே தேறிவிட்டோம். நிஜமாகப் படித்தவர் அண்ணன் மட்டும்தான்.

திரையில் ஒரு பெண் வந்து பாடம் நடத்துவாள். முடிவில் “புரிந்ததா?” என்று கேட்பாள்.

“புரியலீங்கம்மா. இன்னொரு தரம் சொல்லுங்க” என்பார் அண்ணன், அவளிடமே. பிறகு ஆபீஸ் குமாஸ்தாவான என்னைப் பார்ப்பார். நான் மறுபடி போடுவேன். சாக்குத் தைக்கிறவர்கள் ஜன்னலில் கூடிச் சிரிப்பார்கள். வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

“ஏண்ணே, நீங்க பேசுறது அந்தம்மாவுக்குக் கேக்குமா?” என்றேன் ஒரு நாள்.

“கேக்காட்டி என்ன தம்பி? புரியலன்னு சொன்னா அடிக்காத வாத்தியார இப்பத்தான் பாக்குறேன். மூணாங்கிளாஸ்ல அந்த அடிக்குப் பயந்து ஓடியாந்தவன் நான்.”

கெடு முடியும் நாள் சரஸ்வதி பூஜையாக வாய்த்தது எங்கள் போதாத காலம். அண்ணனுக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி. மனுஷன் காலையிலேயே வந்து கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கதம்பம் சாத்தி, பொரிகடலையும் படைத்துவிட்டார். மேனேஜர் கெஞ்சாத குறை.

“கால் மணி நேர வேலைங்க. இன்னையோட மூடிருவாங்க. படிச்சிருங்க.”

“பூஜையில வச்ச பாடத்தப் படிக்கலாங்களா சார்? நாளைக்கு விஜயதசமி. முதல் ஆளா வந்து படிச்சிர்றேன்.”

சொன்னபடி மறுநாள் குளித்துவிட்டு, சலவை வேட்டியில் வந்தார். பாடம் திறக்கவில்லை. சென்னைக்குப் போன் போட்டோம். “சிஸ்டம் எடுக்காது சார்” என்றார்கள். போனில் பேசியவருக்கு மேலே உள்ளவரைக் கேட்டோம். அவரும் அதையேதான் சொன்னார். அத்தனை வருஷத்து வேலை அன்று மதியத்தோடு போயிற்று. அந்தச் சிஸ்டத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பிய அன்று, பையும் கையுமாக ஆபீசுக்கு வந்தார்.

“அந்தக் கடைசிப் பாடத்த மட்டும் பாத்துட்டுப் போறேன் தம்பி.”

என் பெயரில் திறந்து கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே பார்த்தார். ஜன்னலில் யாரும் சிரிக்கவில்லை.

“புரிந்ததா?” என்றாள் அவள்.

“புரிஞ்சுதும்மா. வரேன்.”

இன்றும் வருஷா வருஷம் பாடம் வருகிறது. அவள் “புரிந்ததா?” என்று கேட்கும்போதெல்லாம் நான் பட்டனை அமுக்காமல் கொஞ்ச நேரம் இருக்கிறேன், முதலில் அண்ணன் பதில் சொல்லட்டும் என்று.