கசந்தால்தான் வெட்டுவார்

மரத்தை வெட்டாமலே மரம்வெட்டி என்று பேர் வாங்கிய மனிதர் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ஒருவர்தான். எங்களுக்கு அவர் ருசி மேஸ்திரி. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற பெரிய ரம்பத்தில் அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். அவர் கையை எடுத்தால் என் பிழைப்பும் நின்றுவிடும். நானோ எதற்கும் பயப்படுகிறவன். மரம் விழுமோ என்று பயம்; விழாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயம்.

அப்போது யுத்த காலம். ஆவடியில் ராணுவக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. கான்ட்ராக்டர் கை காட்டுகிற மரத்தையெல்லாம் சாய்க்க வேண்டும். கூலிக்கு அரிசி. வெளியே காசை நீட்டினாலும் கிடைக்காத அரிசி.

மேஸ்திரி வேதக்காரர், கிறிஸ்தவர். பூந்தமல்லியில் ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கும் முன்பே போய் நிற்கிறவர். வேதத்தில் யுத்தத்துக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறதாம். ஒரு ஊரை வளைத்துப் பிடிக்கப் போனாலும், தின்னும் பழம் தருகிற மரத்தின்மேல் கோடாலி படக்கூடாது. பழம் உதவாது என்று தெரிந்த மரத்தைத்தான் வெட்டலாம்.

"தெரிஞ்சா தான் வெட்டலாம்னு கீது. துன்னாம எப்டிடா தெரியும்?" என்பார்.

ஆகவே தின்பார். புங்கங்காயைக் கடித்துவிட்டு மத்தியானம் வரை வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, பரம சந்தோஷமாக, "வெட்றா" என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் எதையாவது போட்டால், அது வெளியே வரவேண்டுமென்று வேலையாட்கள் அவரவர் சாமியை வேண்டிக்கொள்வார்கள்.

இலுப்பையில் காயே இல்லை. ஆனி மாசம் காய்க்கும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை யுத்தத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிப்போடட்டுமா என்று கான்ட்ராக்டர் கேட்டார். மேஸ்திரி கொஞ்சம் யோசித்து, "எய்திப் பாருங்க, தப்பில்ல" என்றார். ஆனி வந்தபோது வேம்பிலும் தோற்றோம். கனிந்த வேப்பம்பழம் இருபதைச் சப்பிவிட்டு, இனிக்கிறது என்று அந்த நிழலிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

ஆடியில் ஏரிக்கரை நாவல் மரத்துக்கு முறை வந்தது. சாயங்காலத்துக்குள் அது சாயவில்லையென்றால் இரண்டு பேருக்கும் நாளை முதல் அரிசியும் இல்லை, வேலையும் இல்லை என்று கான்ட்ராக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். என் பெண்சாதிக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். அவள் சாப்பிட்டால்தான் பிள்ளைக்குப் பால். மேஸ்திரியோ அசையவில்லை. நாவலில் தொண்டையை அடைக்கிற ஜாதியும் உண்டு, கஞ்சி குடித்தபின் தின்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

மத்தியானம் வீட்டுக்கு ஓடினேன். காய்ச்சலுக்குக் காய்ச்சி வைத்திருந்த நிலவேம்புக் கஷாயத்தில் அந்த மரத்தடியில் பொறுக்கிய நாலு பழத்தைக் கீறி ஊறப்போட்டு, துடைத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். நாவல் துவர்க்கும், புளிக்கும். உலகத்தில் எந்த நாவலாவது கசந்திருக்கிறதா? மூன்றாம் வகுப்போடு நின்றவன் மூளைக்கு அது எட்டவில்லை.

ஒன்றை மென்றார். முகம் கோணியது. என்னைப் பார்த்தார். நான் ரம்பத்தின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊட்ல புள்ள எப்டி கீது?"

"அய்துகினே கீது நைனா. பால் பத்தல."

மீதி மூன்றையும் நிதானமாகத் தின்று முடித்தார். எழுந்து கான்ட்ராக்டரிடம் போய், "கசக்குது. வெட்டலாம்" என்றார்.

ரம்பம் ஓட ஓட எங்கள் தலையில் பழமாகக் கொட்டியது. கான்ட்ராக்டர் ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, "யோவ், கல்கண்டு மாரி கீதுய்யா" என்றார்.

"உங்களுக்கு இனிக்கும்" என்றார் மேஸ்திரி. இழுப்பதை நிறுத்தவில்லை.

மரம் சாய்ந்ததும் துண்டு நிறையக் கொட்டை பொறுக்கிக்கொண்டார். அந்த ஞாயிறு கோயில் விட்டதும் கடப்பாரையோடு என் வாசலில் வந்து நின்றார். "கொடத்த எட்துகினு வா" என்றார். கரை நெடுக அவர் குழி போட்டுக் கொட்டையைப் புதைக்க, நான் தண்ணீர் ஊற்றினேன். மறு ஞாயிறும் வந்தார். பிறகு எல்லா ஞாயிறும். ஒவ்வொரு குழியிலும் இதோ கேட்கப் போகிறார் என்று தண்ணீரைக் குழிக்கு வெளியே ஊற்றிவிடுவேன். அவர் மழையைப் பற்றிப் பேசுவார். பாதிரியாரின் இருமலைப் பற்றிப் பேசுவார். என் பிள்ளைக்குப் பல் முளைத்ததா என்று கேட்பார்.

அந்தப் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பாவி மனுஷன், கடைசிவரை திட்டாமலே போய்ச் சேர்ந்தார்.